அணிலுக்கு வெட்டித் தரும் வலை தவளைக்கு உதவாது: திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் வலைகள் பற்றி

திருகோணமலை நகரில் எந்த ஹாட்வெயார் கடைக்குப் போனாலும் இதுதான் நடக்கும். "அணில் வராமல் கூரைக்கு அடிக்க வலை" என்று கேட்டாலும், "பாத்ரூமுக்குள் தவளை வராமல் அடிக்க வலை" என்று கேட்டாலும், பெரும்பாலும் ஒரே ரோலைத்தான் இழுத்து வெட்டித் தருவார்கள். இரண்டும் வலைதானே என்று வாங்குபவரும் கொண்டு போவார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அணில் உள்ளே, தவளையும் உள்ளே, வலை மட்டும் வெளியே தொங்கும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். கூரை விளிம்பில் அணிலைத் தடுக்க 1/2 அங்குலக் கண்ணுள்ள, 19 கேஜ் (கேஜ் என்பது கம்பித் தடிப்பின் எண்) கம்பியில் செய்த, ஒட்டிய பிறகு நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) போட்ட வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளைச் சந்திகளில் சூட்டில் ஒட்டிய சதுரக்கண் வலை. தண்ணீர்த் தாங்கி, பாத்ரூம், மலசலகூடக் காற்றுக்குழாய் ஆகியவற்றில் தவளையைத் தடுக்க நுளம்பு வலை. இரண்டும் வந்து மோதும் குசினி யன்னலுக்கு மட்டும் காசு போட்டு 304 தர எஸ்.எஸ். (கறள் பிடிக்காத உருக்கு) வலை. கோழி வலையும் பச்சைப் பிளாஸ்டிக் வலையும் இந்த இரண்டு வேலைக்கும் வாங்கவே வேண்டாம்.

ஏன் என்று விளங்க, வலையின் மறுபக்கத்தில் நிற்பவை எவை என்று தெரிய வேண்டும்.

இங்கே வீட்டுக்கு வரும் அணில் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுள்ள சாதாரண அணில். லின்னேயஸ் 1766இல் பெயரிட்ட ஃபுனம்புலஸ் பால்மேரம் இதுதான். ஃபுனம்புலஸ் என்றால் லத்தீனில் கயிற்றில் நடப்பவர் என்று பொருள். மாமரக் கொப்பை வெட்டிவிட்டோம், இனி வராது என்று இருப்பவர்கள் இந்தப் பெயரை நினைத்துக்கொள்வது நல்லது, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரே அதற்குப் போதும். உடல் 15 சென்ரிமீற்றர் அளவு, வால் அதைவிடச் சற்றுக் குறைவு, எடை 100 கிராம் சுற்று. பகலில் மட்டும் நடமாடும். கந்தளாய்ப் பக்கக் காடுகளில் காணும் பெரிய மலை அணில் வேறு, அது சீலிங்குக்குள் குடிவராது.

தவளையில் கொஞ்சம் குழப்பம் உண்டு. முற்றத்தில் பொத்துப் பொத்தென்று குதிக்கும் சொறித்தோல் தேரை சுவரில் ஏறாது. அதற்கு வலை தேவையில்லை, கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்தால் போதும். கண்ணாடிக்குப் பின்னால், சிஸ்டன் மூடிக்குள், துவாய் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் மரத்தவளை. கிரே 1830இல் விவரித்த பொலிபிடேட்டிஸ் மாகுலாட்டஸ் இலங்கையின் உலர்வலய வீடுகளில் அதிகம் காணப்படுவது. ஆண் 5 சென்ரிமீற்றர் அளவு, பெண் 7 முதல் 8 வரை போகும். நிறம் மண்ணிறம், சாம்பல், மங்கல் மஞ்சள் என்று இடத்துக்கு ஏற்ப மாறும். அடையாளம் வேண்டுமென்றால் தொடையின் பின்புறத்தைப் பாருங்கள், கரும் பின்னணியில் மஞ்சள் பொட்டுகள் இருக்கும். வெள்ளையடித்த சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஆங்கிலத்தில் இதைச் சுண்ணாம்புத் தவளை என்று அழைத்தார்கள், அந்தச் 'சுண்ணாம்பு' என்ற சொல்லே நம்மிடமிருந்து போனதுதான்.

"தேரை மோந்த தேங்காய்" என்று ஊரில் ஒரு பழியைத் தவளைக் குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறோம். உள்ளே பருப்பில்லாமல் போவதற்கு மகரந்தச்சேர்க்கைக் குறையும் ஊட்டக் குறையும்தான் காரணம். குரும்பையைக் கோதித் தள்ளுவது அணில்தான். ஆனால் அணிலைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள், இராமர் தடவிய முதுகல்லவா.

இனி வலைக்கு வருவோம். அணில் வலையை வெல்வது பல்லால். கொறிவிலங்குகளின் முன்பல் ஆயுள் முழுக்க வளரும். முன்பக்கம் கடினமான மிளிரி, பின்பக்கம் மென்மையானது, அதனால் கொறிக்கக் கொறிக்க உளி போலத் தானே கூராகும். பிளாஸ்டிக், மரம், ரப்பர், அலுமினியம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். உருக்குக் கம்பியில் மட்டும் பல் ஏறாது. கம்பியைக் கடிக்க முடியாதபோது அது விளிம்பைத் தேடும். மூலையில் ஒரு ஆணி கழன்றிருந்தால், இரண்டு துண்டு சேரும் இடத்தில் மேற்பொருத்து இல்லாவிட்டால், தலையைக் கொடுத்து நெம்பும். ஆகவே அணிலுக்கு வலை வாங்கும்போது பார்க்க வேண்டியது கம்பியின் தடிப்பும் பொருத்தும் முறையும். கண்ணின் அளவு அதற்கு அடுத்தது. 1 அங்குலக் கண்ணில் குட்டி அணில் தாராளமாகப் போகும், பெரியதும் நெளிந்து பார்க்கும். 1/2 அங்குலம் போதும்.

தவளைக்குப் பல்லால் வேலையில்லை. மேல்தாடையில் சிறு பற்கள் உண்டு, அவை இரையைப் பிடித்து வைக்க மட்டும். அது வெல்வது உடலால். தவளைக்கு விலா எலும்புக் கூடு கிடையாது. தலை நுழையும் இடத்தில் உடல் தட்டையாகிப் பின்னால் வந்துவிடும். கதவுக்கு அடியில் 1 சென்ரிமீற்றர் நீள் இடைவெளி அதற்கு வாசல் மாதிரி. வால் உதிர்ந்து கரையேறும் குஞ்சோ 2 சென்ரிமீற்றர் அளவுதான், 1/2 அங்குல வெல்ட் மெஷ் அதற்குத் தடையே இல்லை. விரல் நுனித் தட்டுகள் ஈரத்தால் ஒட்டுவதால் வழுவழுப்பான டைல்ஸ், கண்ணாடி, பிவிசி குழாய் எதிலும் ஏறும். உயரத்தில் வைத்தால் வராது என்ற கணக்கு இங்கே சரிவராது. ஆகவே தவளை வலையில் கண்ணின் அளவுதான் எல்லாம், கம்பி நூலாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு வேறுபாடு வலையைவிட முக்கியம். அணில் தேடுவது காய்ந்த மறைவிடம், தவளை தேடுவது ஈரம். அதனால் தவளைக்காகக் கூரை முழுவதையும் நுளம்பு வலையால் சுற்றுவது வீண் செலவு. ஓட்டு இடுக்கில் அது வந்தாலும் நின்று பிடிக்காது, காய்ந்த சீலிங்குக்குள் அதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்கும் நாலு ஓட்டையை மூடினால் வேலை முடிந்தது.

கடையில் முதலில் கைக்கு வருவது கோழி வலை, அறுகோணக் கண். வழக்கமாக 22 கேஜ் கம்பி, அதாவது 0.7 மில்லிமீற்றர். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 24 என்பது 22ஐவிட மட்டமானது. இந்த வலையின் கம்பிகள் ஒட்டப்படவில்லை, ஒன்றையொன்று முறுக்கி நிற்பவை. ஒரு கண் அறுந்தால் முறுக்கு தளர்ந்து பக்கத்துக் கண்களும் அகலும். முறுக்கின் இடுக்கில் உப்பும் ஈரமும் தங்கி அங்கேதான் முதலில் கறள் பிடிக்கும். கோழிக்கூட்டுக்கு நல்ல பொருள். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

பச்சை அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் வலை, 1/2 அங்குலக் கண். விலை குறைவு, கத்தரிக்கோலால் வெட்டலாம், கறள் பிடிக்காது. இந்த மூன்று நன்மைக்காகவே எல்லோரும் வாங்குகிறார்கள். அணில் ஒரு காலைப்பொழுதில் ஓட்டை போட்டுவிடும், போதாததற்குக் கொறித்த துண்டுகளைக் கூட்டுக்குள்ளும் கொண்டு போகும். தவளைக் குஞ்சு கண்ணுக்குள்ளால் நேரே போகும். பாகல் கொடி படர விடலாம்.

வெல்ட் மெஷ்ஷில்தான் நிறையக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பொருள் ஒரே பெயரில் விற்கப்படுகிறது. ஒன்று, முதலில் நாகப்பூச்சுப் போட்ட கம்பியை எடுத்துப் பிறகு ஒட்டியது. மற்றது, ஒட்டிய பிறகு முழு வலையையும் உருகிய நாகத்தில் தோய்த்தது. முதலாவதில் ஒட்டும் சூட்டில் ஒவ்வொரு சந்தியிலும் பூச்சு எரிந்துபோகும். 1/2 அங்குலக் கண்ணில் ஒரு சதுர அடிக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சந்திகள், அத்தனையும் கறள் தொடங்கும் வாசல்கள். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ரோலை வெளிச்சத்தில் பிடித்துச் சந்திகளைப் பாருங்கள். கருகிய சிறு புள்ளியோ மண்ணிறமோ தெரிந்தால் அது முதலாவது. சந்தி முழுவதும் வெள்ளி நிறத்தில் மூடி, சில கண்களின் மூலையில் நாகம் துளியாகத் தேங்கி நின்றால் இரண்டாவது. கையால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பார்க்க அழகாக, வழுவழுப்பாக இருப்பதுதான் மட்டமானது, வாங்குபவர்கள் ஏமாறுவது இதில்தான்.

திருகோணமலையில் இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் அல்ல. நகரமே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு வீடுகளின் கிழக்குப் பக்கச் சுவரில் வாடைக்காற்று உப்புச் சாரலை நேரே கொண்டுவந்து பூசும். அந்தப் பக்கத்துக்கு முதல் வகை வலையை அடிப்பது காசைக் காற்றில் விடுவது. உள்துறைமுகப் பக்கம் சற்றுத் தாங்கும். கன்னியா, தம்பலகாமம் போன்ற, திறந்த கடலைவிட்டு உள்ளே தள்ளிய பகுதிகளில் இரண்டு வகைக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு தெரியாது, அங்கே விலை குறைந்ததை வாங்கினாலும் குற்றமில்லை. பச்சை பிவிசி பூசிய வெல்ட் மெஷ்ஷும் வருகிறது. வெட்டிய முனைகளில் உறை திறந்திருப்பதால் உள்ளே ஈரம் புகுந்து உறைக்கு அடியில் கறள் ஓடும், வெளியே தெரியவே தெரியாது. வாங்கினால் வெட்டு முனை ஒவ்வொன்றுக்கும் பெயின்ற் தொட வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை.

கம்பித் தடிப்பு 19 கேஜ், அதாவது 1 மில்லிமீற்றர். 16 கேஜ் இன்னும் பலம்தான், ஆனால் கூரைச் சீற்றின் அலைக்கு ஏற்ப மடிக்கும்போது கை வலிக்கும், மடியாமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி அணிலுக்குப் போதும்.

சாதாரண நுளம்பு வலை கண்ணாடி நாரில் பிவிசி பூசியது. அங்குலத்துக்கு 18 க்கு 16 கண் என்பது வழமை, ஒரு கண் 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. தவளைக்கு இது முழுத் தடை, நுளம்புக்கும்தான். அணிலுக்கு இது வெங்காயத் தோல். குசினி யன்னலில் வாழைப்பழச் சீப்பு தொங்கினால் வெளியே நின்று மணம் பிடித்துக் கீழ் மூலையில் வட்டமாகக் கடித்து வரும். மேற்குப் பக்க யன்னல்களில் வெயில் பட்டுப் பூச்சு இறுகி, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வரும், அந்தப் பக்கத்தை முதலில் மாற்ற வேண்டிவரும். அலுமினிய நுளம்பு வலையை ஒரு வரியில் முடிக்கலாம்: அணில் கிழிக்கும், உப்பு அரிக்கும், வேண்டாம்.

எஸ்.எஸ். நுளம்பு வலைதான் இரண்டு பிராணிக்கும் ஒரே விடை, விலையும் அதற்கேற்றபடி. நுளம்பு வலையைவிடப் பல மடங்கு. அதனால்தான் வீடு முழுக்க அடிக்காமல் குசினி யன்னலுக்கு மட்டும் என்கிறோம். கம்பி 0.25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தரம் 304 என்று கேட்டு வாங்குங்கள், ஆனால் கேட்டதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். காந்தம் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி, அது பாதி வழிதான். காந்தம் பலமாக இழுத்தால் அது 430 போன்ற மலிந்த தரம், திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் இழுக்காவிட்டால் 304 என்று அர்த்தமில்லை, 201, 202 தரங்களும் இழுக்காது, கடற்காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். மறுபுறம், உண்மையான 304 கம்பியும் இழுத்து மெல்லியதாக்கும்போது இலேசாகக் காந்தம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை வாங்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி இரண்டு மூன்று நாள் ஈரம் காயாமல் வையுங்கள். மட்டமான தரம் மண்ணிறப் புள்ளி காட்டும். கடலோரம் ஒட்டிய வீட்டில் 304உம் தேத்தண்ணிக் கறை போல மேலே மங்கும், அது தோற்றக் குறை, பலக்குறை அல்ல. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் போய்விடும். மொலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் கலந்த 316 தரம் இதைத் தாங்கும். அது கடற்கரை ஹோட்டல்காரருக்கான பொருள், சாதாரண வீட்டுக்கு மேலதிகம்.

எஸ்.எஸ். வலை வாங்கி ஜீ.ஐ. (நாகப்பூச்சுப் போட்ட இரும்பு) ஸ்குரூவால் அடிப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இரு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டால் மட்டமானது தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். பெரிய எஸ்.எஸ். பரப்புக்கு நடுவே சிறு ஜீ.ஐ. ஸ்குரூ என்றால் அரிப்பு முழுவதும் ஸ்குரூவின் தலையில் விழும். வலை புதிதாக இருக்கும், ஸ்குரூத் தலை மட்டும் உதிர்ந்திருக்கும். ஸ்குரூவும் வொஷரும் எஸ்.எஸ்.ஸாகவே இருக்கட்டும். அலுமினியச் சட்டத்தில் ரப்பர் பீடிங் வைத்து அழுத்தும் முறை கண்ணாடி நார் வலைக்குச் சரி. எஸ்.எஸ். வலைக்கு அந்தப் பீடிங்கையே அணில் கொறித்து இழுத்துவிடும், ஆகவே மேலே தட்டைப் பட்டி வைத்து ஸ்குரூ போட வேண்டும்.

எஸ்.எஸ். விலை கட்டாது என்றால் ஒரு மாற்று உண்டு. உள்ளே நுளம்பு வலை, வெளியே வெல்ட் மெஷ், நடுவில் 1 அங்குல இடைவெளி. இடைவெளி இல்லாமல் இரண்டையும் சேர்த்து அடித்தால் 1/2 அங்குலக் கண்ணுக்குள்ளால் பல்லை விட்டு நுளம்பு வலையைக் கடிக்கும். அந்த 1 அங்குலத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது.

கூரைக்கு எவ்வளவு வாங்குவது? வெல்ட் மெஷ் 3 அடி அகல ரோலில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். விளிம்புக்கு 6 அங்குலப் பட்டி போதும், ஆக அகலத்தில் ஆறு பட்டி வரும். நாலு பக்கமும் தாழ்வாரம் உள்ள 30 க்கு 25 அடி வீட்டுக்குச் சுற்றளவு 110 அடி. ஆறால் பிரித்தால் 18 அடி சொச்சம், மேற்பொருத்துக்கும் மூலைக்கும் சேர்த்து 20 அடி வாங்குங்கள். கடையில் 110 அடியைச் சொல்லிவிட்டால் முழு ரோலையே தலையில் கட்டிவிடுவார்கள். 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ என்று 220 ஸ்குரூ, அதே எண்ணிக்கையில் அகல வொஷர்.

பட்டியை 2 அங்குலத்தில் மடித்து, அந்தப் பக்கத்தைச் சுவரிலோ சுவர்மேல் மரத்திலோ பொருத்த வேண்டும். மீதி 4 அங்குலம் கூரையை நோக்கி நிற்கும். அலைச் சீற்றாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு நாக்கு வருமாறு கீறி, அலைக்குள் தள்ளி வளைத்துவிடுங்கள். வெட்டிய கம்பி முனைகளை மழுக்க வேண்டாம், அவை சீற்றை நோக்கிக் குத்தி நின்றால் நெம்ப இடம் கிடைக்காது. அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடவோ வெட்டவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. பொருத்துவது முழுவதும் மரத்திலும் சுவரிலும்தான். ஸ்டேப்பிள் அடிக்கும் மேசன்மார் உண்டு, வேலை விரைவாக முடியும், ஆனால் காற்றில் மரம் சுருங்கும்போது ஸ்டேப்பிள் தானாகக் கழலும். ஓட்டு வீட்டில் முதல் வரிசை ஓட்டுக்கு அடியிலுள்ள இடைவெளியோடு முகட்டோட்டின் இரு முனையையும் பாருங்கள். அந்த முனைகளில் பூசிய சீமெந்து வெடித்து விழுந்த இடம்தான் பல வீடுகளில் அணிலின் முன்வாசல். சோலர் பனல் இருந்தால் அதன் சட்டத்தைத் துளைக்காமல் கிளிப்பால் வலையைப் பிடிக்க வேண்டும். பனலுக்கு அடியில் கூடு வைத்தால் அடுத்தது வயர்தான். ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழத் தொடங்கினால் சீலிங்குக்குள் கொறித்த வயர் இருக்கிறதா என்று மின்வேலைக்காரரைக் கொண்டு பார்ப்பது உடன் செய்ய வேண்டிய வேலை.

தவளைப் பக்கத்தில் பெரிய விஷயம் தண்ணீர்த் தாங்கி. மழை தொடங்கியதும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பெண் தவளை தண்ணீருக்கு மேலுள்ள சுவரில் பின்னங்காலால் அடித்து நுரை எழுப்பி அதற்குள் முட்டை வைக்கும். தாங்கியைத் திறந்து பார்ப்பவர் சவர்க்கார நுரை என்றே நினைப்பார். சில நாளில் வாற்பேத்தைகள் நேரே தண்ணீருக்குள் விழும், அதன் பிறகு குழாயில் வரும். நுரைக்கூட்டைக் கண்டால் கரண்டியால் முழுதாக வழித்து வளவில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மேலே ஒரு கொப்பில் வைத்துவிடலாம்.

தாங்கியில் அது வரும் வழி பெரும்பாலும் வழிந்தோடும் குழாய். 1 1/4 அங்குலக் குழாயின் வாயில் நேரே நுளம்பு வலையைக் கட்டுவதுதான் வழமையான பிழை. வலையின் நூலே பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அடைக்கும், கச்சான் காற்றுக் காலத் தூசும் பாசியும் மீதியை அடைக்கும். மோட்டரை நிறுத்த மறந்த அன்று தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மூடியைத் தூக்கிக்கொண்டு வழியும், பிறகு மூடி சரியாக அமராது, தவளைக்கு வேறு வாசல் கிடைக்கும். சரியான முறை: குழாயின் முனையில் 2 அங்குலத்துக்கு விரியும் சொக்கெற் ஒன்றைப் போட்டு, அதன் வாயில் வலையை வைத்து எஸ்.எஸ். ஹோஸ் கிளிப்பால் இறுக்குவது. பரப்பு இரண்டரை மடங்கு ஆகும், அடைத்தாலும் தண்ணீர் போகும், கிளிப்பைக் கழற்றிக் கழுவவும் இலகு. வாற்பேத்தை ஏற்கெனவே வந்துவிட்டால் தாங்கியை இறக்கித் தேய்த்துக் கழுவி, 1000 லீற்றருக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய வெளிற்றும் தூள் 170 கிராம் என்ற கணக்கில் கரைத்து, எல்லாக் குழாயிலும் மணம் வரும்வரை திறந்து, இரவு முழுக்க விட்டு, காலையில் முழுவதும் வெளியேற்ற வேண்டும். மணம் போகும்வரை குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

மலசலகூடக் குழியின் காற்றுக்குழாய் இன்னொரு வாசல். கொமட்டுக்குள் தவளை எப்படி வந்தது என்று வியப்பவர்கள் கூரைமேல் திறந்து நிற்கும் அந்தக் குழாயை அண்ணாந்து பார்க்கலாம். இங்கே மட்டும் உலோக வலை வேண்டாம். குழியிலிருந்து வரும் வாயு நாகப்பூச்சையும் கம்பியையும் தின்றுவிடும். அணிலும் அந்த மணத்துக்குக் கிட்டப் போகாது, ஆகவே மலிந்த கண்ணாடி நார் வலையே சிறந்தது. வெயிலில் இறுகுவதால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். குழிக்குள் பெருகும் நுளம்பும் அதோடு அடைபடும்.

வலையை எந்நேரம் அடிப்பது என்பதில் இரண்டும் நேர் எதிர். அணில் இரவில் கூட்டுக்குள் தூங்கும். பின்னேரம் வேலை முடித்து வலையை அடித்தால் அதை உள்ளே பூட்டி வைத்தவர் ஆவீர்கள். வெயில் ஏறிய பிறகு, காலை 9, 10 மணிக்கு, அது வெளியே போனதைப் பார்த்து அடிக்க வேண்டும். அதற்கு முன் சீலிங்குக்குள் டோர்ச் அடித்துத் தும்பு, பஞ்சு, காய்ந்த புல் உருண்டை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஒரு ஈற்றில் இரண்டு மூன்று குட்டி, பால் மறக்கக் கிட்டத்தட்ட 10 கிழமை. குட்டி உள்ளே இருக்கத் தாயை வெளியே அடைத்தால் தாய் வலையைப் பிய்க்காமல் ஓயாது, குட்டி செத்தால் மணம் வீட்டுக்குள்தான். அந்த 10 கிழமை பொறுத்திருப்பதே இலாபம். தவளை மறுபுறம். பகல் முழுக்க சிஸ்டனுக்குள் உறங்கி இருட்டியதும் இரைக்குப் புறப்படும், ஆகவே அதன் வாசலை இரவு 8 மணிக்குப் பிறகு மூட வேண்டும். நனைந்த கையால் அல்லது ஈரத்துணியால் பிடித்து வெளியே விடலாம். விஷமில்லை. ஆனால் தோலில் உள்ள கசிவு கண்ணில் பட்டால் எரியும், கிருமியும் இருக்கக்கூடும், கை கழுவியே ஆகவேண்டும்.

வலையோடு சேர்த்துக் கடையில் தள்ளிவிடப் பார்க்கும் சில பொருட்கள் உண்டு. பூச்சி உருண்டை, மீயொலிக் கருவி, ஒட்டுப் பலகை. பூச்சி உருண்டையின் ஆவியை அணிலைவிட அதிகம் சுவாசிப்பது கீழே படுத்திருப்பவர்கள். மீயொலி சுவரைத் தாண்டாது, சத்தத்துக்கு அணில் பழகியும் விடும். ஒட்டுப் பலகையில் அணிலுக்குப் பதில் பல்லியும் தவளையும் துடித்துச் சாகும், பார்க்கவே சகிக்காது. பாத்ரூம் மூலையில் உப்பும் டெற்றோலும் தெளிக்கும் வழக்கமும் அப்படித்தான். தவளையின் தோல் எதையும் உறிஞ்சும், அது ஓடாது, அங்கேயே செத்துக் கிடக்கும். மாரித்தவளை கத்துகிறது என்று எரிச்சல்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். முற்றத்து விளக்கைச் சுற்றும் பூச்சியைத் தின்பதும் அதுதான், விளக்கை அணைத்தால் பூச்சியும் போகும் தவளையும் தள்ளிப் போகும். அதைத் தேடி வரும் கொம்பேறி மூக்கனும் வராது. அந்தப் பாம்பு கடித்தவரைச் சுடலை வரை தொடரும் என்ற கதை ஊரில் உண்டு, உண்மையில் மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை.

அடித்த வலையைச் செப்டெம்பரில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், வாடை தொடங்க முன். கச்சான் காற்றில் தளர்ந்த ஸ்குரூ, கிழக்குப் பக்கச் சந்திகளில் மண்ணிறம், தாங்கிக் குழாயின் கிளிப். கூரை வேலையில் மிஞ்சிய வெல்ட் மெஷ்ஷை எறிந்துவிட வேண்டாம். பீலியின் கீழ்க்குழாய் வாயில் பந்து போலச் சுருட்டி வைத்தால் வேப்பம் சருகு உள்ளே போகாது.